பிரித்தால் கைக்கணினி, சேர்த்தால் மடிக்கணினி!

கல்லூரிச் சேர்க்கை முடியும் பருவத்தில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் குடும்பங்கள் பலவற்றிலும் ஒரே பேச்சுதான்: பிள்ளைக்கு எந்தக் கணினியை வாங்குவது? பொருளாதாரம் கற்பித்தவன் என்கிற உரிமையில், பணி ஓய்வுக்குப் பின்னரும் இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. அண்மையில் வந்தவர் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறித் தொழிலாளி. என் முன்னாள் மாணவர். மகள் பி.காம். முதலாண்டில் சேர்ந்திருக்கிறாள். கையில் 25 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. "திரையைத் தனியே கழற்றிக்கொள்ளும் சின்னக் கணினி அந்த விலைக்குக் கிடைக்கிறது ஐயா, வாங்கலாமா?" என்றார்.

'டூ-இன்-ஒன்' என்ற பெயரில் இரு வகைக் கணினிகள் விற்கப்படுகின்றன. திரையை முழுதாகப் பின்னோக்கி மடக்கக்கூடியது ஒன்று. அதில் விசைப்பலகை பிரியாது. அவர் கேட்டது மற்றொன்று. அதில் செயலி, நினைவகம், மின்கலம் அனைத்தும் திரைக்குப் பின்னால் அடங்கியிருக்கும். விசைப்பலகை காந்தத்தாலோ கொக்கியாலோ ஒட்டிக்கொண்டிருக்கும் துணைப்பொருள் மட்டுமே. இவ்வகையின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இந்த ஓர் அமைப்பிலிருந்தே பிறக்கின்றன.

மலிவு விலையில் இதைப் பரவலாக்கியது 2013-இல் வெளியான ஏசஸ் நிறுவனத்தின் 'டிரான்ஸ்ஃபார்மர் புக் டி100'. 10.1 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் செயலி, 2 ஜி.பி. நினைவகம். இரண்டாண்டுகளுக்குள் இந்தியாவின் மைக்ரோமேக்ஸ், ஏறத்தாழ அதே அமைப்பில் 'கேன்வாஸ் லேப்டேப்' என்ற கருவியை 14,999 ரூபாய்க்கு விற்றது. பின்னர் 2020-இல் லெனோவோவின் 'டூயட்' குரோம்புக் வந்தது. விசைப்பலகை இல்லாமல் அதன் எடை 450 கிராம்.

முதலில் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். இவற்றுள் பெரும்பாலானவற்றில் மின்விசிறி கிடையாது. இராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய 1936 முதல் பஞ்சோடு வாழும் ஊர் எங்களுடையது. விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீட்டில் ஒரு மடிக்கணினியை ஓராண்டு வைத்திருந்து திறந்து பாருங்கள். விசிறியின் இதழ்களுக்கிடையே பஞ்சுத் தூசு மெத்தைபோல் படிந்திருக்கும். காற்று போக வழியின்றிக் கருவி சூடேறும், வேகம் குறையும், ஒரு நாள் நின்றும் போகும். காற்றை உள்ளிழுக்காத கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. மின்தடை நேரத்தில் பல மணி நேரம் தாங்குகிறது. புதிய கருவிகள் பலவற்றை சி-வகைச் சார்ஜர் கொண்டே மின்னேற்றலாம். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வேலை பார்ப்பவர்களுக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த பால்கோவா வியாபாரி ஒருவர், காலையில் பால் வரவைத் திரையை மட்டும் கையிலேந்திக் குறித்துக்கொள்கிறார். மாலையில் விசைப்பலகையைப் பொருத்திப் பார்சல் முகவரிகளைத் தட்டச்சு செய்கிறார். அவர் இதைத் தவிர வேறு கணினியை விரும்பமாட்டார்.

ஆனால், மாணவியின் தேவை வேறு. எடை முழுவதும் திரைப் பக்கம் இருப்பதால், மடியில் வைத்தால் கருவி பின்னோக்கிச் சாயும். இதைத் தடுக்கத் திரைக்குப் பின்னால் ஒரு முட்டுக்கால் வைக்கிறார்கள். அது விரிந்து நிற்கக் கூடுதல் இடம் வேண்டும். நம் வகுப்பறைகளின் குறுகிய சாய்வு மேசைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் எங்கே இருக்கும் என்று தெரியும். விசிறி இல்லாத நன்மைக்கும் ஒரு விலை உண்டு. சித்திரை வெயிலில் கருவி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய விரிதாளைத் திறந்து வைத்தால் சுட்டி நகரவே யோசிக்கும்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. விற்பனையாளர் எவரும் இதைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. தமிழ்99 விசைப்பலகை முறையில் ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்து எழுத்துகளும் வலது ஓரத்து நிறுத்தற்குறி விசைகளில் அமைந்திருக்கின்றன. பத்து அங்குலக் கருவிகள் பலவற்றில் இடம் போதாமல் சுருக்கப்படுவது அந்த ஓரத்து விசைகள்தாம். ஆங்கிலத்தில் எழுதுபவர் அரைப்புள்ளியை எப்போதாவதுதான் தேடுவார். தமிழில் எழுதுபவருக்கோ அங்கே இருப்பது 'ந'.

இனி, ஆயுள். இவ்வகையில் நினைவகமும் சேமிப்பகமும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் கூட்ட முடியாது. 32 ஜி.பி. சேமிப்பகத்துடன் விற்கப்பட்ட பழைய கருவிகளில் விண்டோஸின் பெரிய மேம்படுத்தலுக்கே இடம் இருக்கவில்லை. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பகமும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆக, 2 ஜி.பி. நினைவகம் கொண்ட கருவிகள் வன்பொருள் நன்றாக இருந்தும் காலாவதியாகிவிட்டன. குரோம்புக் இந்த வகையில் மேலானது. 2021 முதல் வெளியானவற்றுக்குப் பத்தாண்டுகள் வரை மேம்படுத்தல் உண்டு. ஆனால், பி.காம். மாணவிக்கு டேலி வேண்டும். அதை நேரடியாக நிறுவிக்கொள்ள விண்டோஸ் வேண்டும்.

பழுது நீக்கம் இன்னொரு சிக்கல். என் உறவினர் வீட்டில் இப்படியொரு கருவி வாங்கினார்கள். பதினான்காம் மாதத்தில் திரையும் விசைப்பலகையும் தொடும் பித்தளைநிற முனைகள் வேலை செய்யவில்லை. உத்தரவாதம் பன்னிரண்டு மாதம். உள்ளூர்க் கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, திரை பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது, திறந்தால் உடையும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்கு இருமுறை போய்வந்தார்கள். தனி விசைப்பலகை வரவழைக்கக் கேட்ட தொகை, கருவியின் விலையில் கால் பங்கு. இப்போது அது பாட்டு கேட்கப் பயன்படுகிறது.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதை இதனோடு ஒப்பிடலாம். அவற்றின் தரம் குறித்துப் பலர் குறைசொன்னதுண்டு. ஆயினும், திருகாணியைக் கழற்றினால் திறக்கக்கூடிய கருவிகள் அவை. நினைவகம் சேர்ப்பதும் வன்தட்டு மாற்றுவதும் எங்கள் ஊர்க் கடைகளிலேயே நடந்தன. அக்காவின் கணினி தம்பிக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னர், 2025-26 நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த 'அல்லது' எனக்குச் சற்றுக் கவலை தந்தது. பார்ப்பதற்கு உதவும் கருவியும், எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் உதவும் கருவியும் ஒன்றல்ல.

விலைக் கணக்குக்கு வருவோம். 25 ஆயிரம் ரூபாய்க் கருவி மூன்றாண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,300 ரூபாய். 32 ஆயிரம் ரூபாய் மடிக்கணினிக்கு இடையில் 4 ஆயிரம் ரூபாய் செலவிட்டு ஆறாண்டு ஓட்டினால் ஆண்டுக்கு 6 ஆயிரம்தான். மலிவானது எது என்று கரும்பலகையில் எளிதாக எழுதிவிடலாம். நானும் எத்தனையோ ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். ஆனால், இது மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுபவனின் கணக்கு. கூடுதலாக வேண்டிய 7 ஆயிரத்தை இன்று புரட்ட முடியாதவருக்கு ஆறாவது ஆண்டின் சேமிப்பால் பயனில்லை. விளம்பர விலையில் பல நேரம் விசைப்பலகையும் எழுதுகோலும் சேராது என்பதும் அவருக்குக் கடையில்தான் தெரியவரும்.

அவரது 25 ஆயிரத்துக்குள் அடங்கும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்து, புதுப்பித்து விற்கப்படும் 14 அங்குல மடிக்கணினி. இதில் ஏமாற வாய்ப்பு அதிகம். பொருளின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்ற நிலையில் சந்தை எப்படிக் கெடுகிறது என்பதைப் பழைய கார்களை வைத்து 1970-இல் விளக்கிய ஜார்ஜ் அகர்லாஃபுக்கு 2001-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எழுத்தில் ஆறு மாத உத்தரவாதமாவது தராத கடையில் வாங்கவேண்டாம் என்றேன். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலி, 8 ஜி.பி. நினைவகம், மாற்றக்கூடிய எஸ்.எஸ்.டி. ஆகியவற்றைத் தாளில் குறித்துக் கொடுத்தேன். மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைக் கடையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். கழற்றும் வகைதான் வேண்டும் என்றால், 8 ஜி.பி. நினைவகமும் 128 ஜி.பி. சேமிப்பகமும் விசைப்பலகையும் சேர்ந்த விலையைக் கேட்கும்படி சொன்னேன். அந்தத் தொகை அவரது 25 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

இறுதியில், புதுப்பித்த மடிக்கணினி ஒன்றை வாங்கினார். மகள் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் டேலி பயிற்சிக்குப் பேருந்தில் போய்வருகிறாள். ஒன்றரைக் கிலோ எடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தில் நின்றபடி போகவேண்டியிருக்கிறது என்று முறையிடுகிறாளாம். அதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.