தெங்கேரா வாயிலில் ஓர் ஆங்கில ஆசிரியர்



கடந்த பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி பெற்றோருடன் என் இல்லத்திற்கு வந்திருந்தாள். தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்றவள். வியட்நாமில் ஆங்கிலம் கற்பிக்கும் பணி கிடைத்திருக்கிறது. ஏற்கலாமா என்று கேட்க வந்தாள். அவள் பேசி முடித்ததும் தாயார் தயங்கியவாறு சொன்னார்: "சார், வேலை நல்ல வேலைதான். போற இடத்துல நம்ம பேச்சு, நம்ம சாமி எல்லாத்தையும் மறந்திருவாளோன்னுதான் பயமா இருக்கு."

எனக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. அவர்கள் சென்ற பின்னரே, இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே மலாக்காவில் இதே அச்சத்தோடு வாழ்ந்த ஒரு தந்தை என் நினைவுக்கு வந்தார்.

நகரின் மேற்கே உள்ள தெங்கேராவை நம்மில் பலர் அங்குள்ள பழைய பள்ளிவாசலால் அறிவோம். அரண் என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அந்த மேற்கு வாயிலை ஒட்டிய கடலோரப் பகுதியில்தான் நம் கதை நிகழ்கிறது.

1815-ஆம் ஆண்டு வில்லியம் மில்ன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் மலாக்காவில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு முப்பது வயது. சிறுவயதில் ஆடு மேய்த்தவர். லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1813-இல் மக்காவ் சென்றவரை, போர்த்துகீசிய அதிகாரிகள் அங்குத் தங்கவிடவில்லை. பின்னர் கந்தோனில் இருந்து சீன மொழி பயின்றார். ஜாவாவைச் சுற்றிப் பார்த்தார். இறுதியில் மனைவி ரேச்சலுடன் மலாக்காவில் குடியமர்ந்தார். அவ்வாண்டே சீனப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்; சீன மொழியில் மாத இதழ் ஒன்றையும் வெளியிட்டார். 1818 நவம்பர் 11-ஆம் நாள் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் வில்லியம் பார்க்குவார். சீனர்க்கு ஆங்கிலமும் ஐரோப்பியர்க்குச் சீனமும் கற்பிப்பது அக்கல்லூரியின் நோக்கம். வந்தவரும் இருந்தவரும் ஒரே கூரையின் கீழ் மாணவர்களாக அமர்ந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மில்னிடம் ஆங்கிலம் பயில வந்த உள்ளூர் இளைஞர்களில் ஒருவர் அப்துல்லா. பின்னாளில் முன்ஷி அப்துல்லா என்று புகழ்பெற்றவர். அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணமுடித்தவர். அவ்வழி வந்த பாட்டனார் மலாக்காவில் குடியேறினார். அக்காலத்தில் மலாக்கா வணிகத்தில் தமிழர் ஓங்கியிருந்தமையால், வசதியுள்ள குடும்பங்கள் கணக்கு வழக்குகளுக்காகத் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தன. அப்துல்லாவும் தமிழ் பயின்றவரே. இதனை அவர் தம் 'ஹிகாயாத் அப்துல்லா' நூலில் பதிவு செய்துள்ளார்.

தமிழ் பயில அனுப்பிய தந்தை, ஆங்கிலம் பயில்வதை முதலில் விரும்பவில்லை. பாதிரியாரிடம் போனால் மதம் மாற்றிவிடுவார் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. அது வெற்றுப் பயமும் அன்று. மில்ன் சமயம் பரப்பவே வந்தவர். ஆயினும் அப்துல்லா சென்றார், கற்றார். பாதிரிமார்களுக்கு மலாய் கற்பித்தார். அவர்களின் மொழிபெயர்ப்புப் பணியிலும் துணைநின்றார். ஊரார் அவரை 'அப்துல்லா பாதிரி' என்றே ஏளனம் செய்தனர். அவரோ 1854-இல் ஹஜ் பயணம் மேற்கொண்டு, சென்ற இடத்திலேயே ஒரு முஸ்லிமாக உயிர்நீத்தார். தந்தை அஞ்சியது நடக்கவில்லை.

எல்லாப் பாதிரியாரும் மில்னைப் போன்றவர் அல்லர். தாம்சன் என்பவர் மலாய் மரபை அப்துல்லா எடுத்துக்கூறியும் ஏற்காமல், ஆங்கில வாக்கிய அமைப்பிலேயே மலாய் எழுதப் பிடிவாதம் செய்தார். அந்தக் கசப்பும் அந்நூலில் உண்டு. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது நான் புதிய ஆசிரியன். முதலாம் ஆண்டு வகுப்பில் ஆங்கிலத்திலேயே விளக்கிக்கொண்டு நின்ற என்னைப் பிள்ளைகள் விழித்துப் பார்த்தனர். ஒரு சொல்லைத் தமிழில் சொன்ன பிறகே அவர்கள் முகம் மலர்ந்தது. அன்று நானும் ஒரு தாம்சன்தான்.

புதிய நாடு மில்னிடம் கனத்த விலையையும் வாங்கிக்கொண்டது. 1819-இல் ரேச்சல் மறைந்தார். 1822-இல் மில்னும் முப்பத்தேழாம் வயதில் மலாக்காவிலேயே காலமானார். கல்லூரி 1843-இல் ஹாங்காங்கிற்கு இடம்பெயர்ந்தது. யிங் வா கல்லூரி என்ற பெயரில் இன்றும் அங்கு இயங்குகிறது.

மறுவாரம் அந்தத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து அப்துல்லாவின் கதையைச் சொன்னேன். "மறக்கவே மாட்டாள் என்று என்னால் உறுதி கூற முடியாது அம்மா. ஆனால் வேறொரு மொழியைக் கற்றதால் மட்டும் அவர் தம்மை இழந்துவிடவில்லை" என்றேன். மாணவியிடமும் ஒன்று சொன்னேன்: "ஆங்கிலம் கற்பிக்கப் போகிறாய், போனவுடன் அவர்கள் மொழியைக் கற்கத் தொடங்கு. வகுப்பில் பிள்ளைகள் விழிக்கும்போது அது உனக்குக் கைகொடுக்கும்."

பயண நாள் குறித்தாயிற்று. இப்போதே வியட்நாமிய மொழியின் தொனிகளோடு போராடிக்கொண்டிருக்கிறாளாம். தாயார்தான் சொன்னார், குரலில் சற்றே பெருமையும் இருந்தது.