தங்கம் போயிற்று, பாஷாணம் நின்றது

அல்சூரின் வரலாற்றை எழுதுவோர் சோமேசுவரர் கோயிலையும் ஏரியையும் குறிப்பிடுவர். 1809இல் தண்டு அமைந்தபின் வந்து குடியேறிய தமிழரையும் குறிப்பிடுவர். அத்தண்டில் வாழ்ந்த மைக்கேல் லாவெல் என்னும் முன்னாள் படைவீரர் 1873இல் கோலாரில் தங்கம் தேட மைசூர் அரசிடம் அனுமதி கோரினார் என்பது பலருக்கு நினைவில்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. வட ஆர்க்காட்டுத் தமிழர் சுரங்கத்தில் இறங்கினர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின் அவர்களின் வழித்தோன்றல்கள் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். வீட்டருகே எஞ்சியிருப்பவை 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவுமண் மேடுகள்.

அவற்றைச் 'சயனைடு மேடு' என்றே மக்கள் அழைக்கின்றனர். சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதையும். ஆனால் ஆர்செனிக் ஒரு தனிமம்; அதற்குச் சிதைவு கிடையாது. கோலாரின் மேற்குப் படிவங்களில் இரும்பும் கந்தகமும் ஆர்செனிக்கும் சேர்ந்த ஆர்செனோபைரைட் கனிமம் உண்டு. நிலத்தடியில் அடங்கிக் கிடக்கும் அக்கனிமம், பொடியாக்கப்பட்டு மழையும் காற்றும் படும்போது நீரில் கரையத் தொடங்குகிறது.

இதன் விளைவைக் கர்நாடகத்தின் வடகிழக்கில் காணலாம். யாத்கிரி மாவட்டத்தின் மங்களூர்ப் பகுதியில், மூடப்பட்ட தங்கச் சுரங்கத்தை அடுத்துள்ள கிரதள்ளி தாண்டா மக்களின் தோலில் ஆர்செனிக் நச்சின் புண்கள் இருந்ததை 2013இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதே ஏற்கத்தக்க வரம்பு.

நீக்கும் வழி அறியாததன்று. ஆர்செனைட் மின்னூட்டமற்றது, எளிதில் பிடிபடாது. அதனை முதலில் ஆக்சிசனேற்றம் செய்து, எதிர்மின்னூட்டமுள்ள ஆர்செனேட்டாக மாற்ற வேண்டும். பின்னர் இரும்பு உப்பைச் சேர்த்தால், உருவாகும் இரும்பு ஹைட்ராக்சைடு அதனைப் பற்றிக்கொண்டு படியும். சென்னை ஐஐடியில் த. பிரதீப் குழுவினர் உருவாக்கிய 'அம்ரித்' குடிநீர் வடிகட்டியும் இரும்பின் இப்பற்றுதலையே பயன்கொள்கிறது.

எனினும், நீரிலிருந்து நீக்கப்பட்ட ஆர்செனிக் அழிந்துவிடுவதில்லை. சேறாக இடம் மாறுகிறது. அச்சேற்றையும் காப்பாக வைத்துக் காக்க வேண்டும். சுரங்கம் மூடிய பிறகு அக்காவலுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பது வேதியியல் வினா அன்று, வரலாற்று வினா. கோலார் ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்ததாகக் கணக்கெழுதிய ஏடுகள், அம்மண்ணில் விட்டுச்சென்ற பாஷாணத்தின் கணக்கையும் எழுதினால்தான் அவ்வரலாறு நிறைவுறும்.