மனையும் மராமத்தும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்பூதூர் சாலையும் கூடுமிடத்தில் இருக்கும் ஒரகடத்தை இன்று அறியாதவர் சொற்பம். 1998 இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய்க் கார்கள் வெளிவரத் தொடங்கியதும், 2010 இல் ரெனோ–நிஸானும் 2013 இல் ராயல் என்ஃபீல்டும் ஒரகடத்தில் உற்பத்தியை ஆரம்பித்ததும் பத்திரிகைகளில் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்ட விருத்தாந்தங்கள்; அவற்றைத் திரும்பச் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை. அந்த ஆலைகள் நிற்கும் பூமியில், அவை வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னிருந்தே, கூலியும் கணக்கும் இல்லாமல் ஒவ்வொரு குடும்பமும் தன் கையாலேயே நடத்திவந்த ஒரு தொழில் உண்டு. தான் குடியிருக்கும் வீட்டை வருஷந்தோறும் புதுப்பித்துக்கொள்வதே அந்தத் தொழில். அதற்கென்று ஒருவரும் சரித்திரம் எழுதி வைக்கவில்லை; ஆனால் நிலத்தைப் பற்றியும் வரியைப் பற்றியும் துரைமார் எழுதிய காகிதங்களில் அதன் சாயல் அங்கங்கே தென்படத்தான் செய்கிறது.

1763 இல் ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த செங்கற்பட்டுச் சீமைக்குள் அடங்கியது இப்பிரதேசம். அந்த ஜாகீரின் ஏறத்தாழ இரண்டாயிரம் கிராமங்களை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்பவர் அளந்து எழுதிய கணக்குகளில், ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஏரி, களத்து மேட்டில் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வண்ணானுக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு எவ்வளவு என்பதெல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஏரிக்கரையை ஊரார் கூடிச் செப்பனிடுவதற்குக் குடிமராமத்து என்று பெயர். அந்த வழக்கம் தளர்ந்துபோகவே, 1858 இல் அதைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டார்கள். ராமாநுஜர் அவதரித்த தலமாகிய ஸ்ரீபெரும்பூதூர்க் கோயிலைப் போன்ற ஆலயங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை திருப்பணியும் சம்ப்ரோக்ஷணமும் என்பது சம்பிரதாயம். வீட்டுக்கோ சட்டமும் இல்லை, சாஸ்திரிகளும் இல்லை, பஞ்சாங்கம் ஒன்றுதான். மார்கழிக் கடைசியில் வெள்ளையடிப்பு, அறுவடை முடிந்து மாசி பங்குனியில் கூரை மாற்றல், வெள்ளிக்குவெள்ளி தரை மெழுகல் என்று ஆண்டு ஓடும்.

சுவருக்கு வேண்டிய மண்ணை, கோடையில் வற்றிய ஏரியே கொடுத்தது. கூரைக்கு வேண்டிய ஓலையை அதன் கரையில் நின்ற பனை கொடுத்தது. வெட்டிய ஓலைகளை அடுக்கி மேலே பாரம் வைத்துச் சில நாள் விட்டுத் தட்டையாக்கிக்கொண்டு, மூங்கில் வரிச்சின் மேல் இறவாணத்தில் முதல் வரிசையைப் பரப்பி, அதன்மேல் பாதி ஏறும்படி அடுத்த வரிசையை வைத்து, பனைநாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டே முகடுவரை போக வேண்டும். சரிவு குறைந்த கூரை எத்தனை ஓலை போட்டாலும் ஒழுகும் என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்த பாடம். இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு என்று அண்டை அயலார் மாறி மாறிக் கை கொடுத்ததால், வீட்டுக்காரனுக்கு ஆன செலவு பெரும்பாலும் கேழ்வரகுக் கூழோடு முடிந்தது. இதைச் சொல்லும்போது பொற்காலத்தைப் பாடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பங்குனிக் காற்றில் ஓர் அடுப்பிலிருந்து பறந்த பொறி ஒரு தெருவையே சாம்பலாக்கிய விபத்துகளும் இதே ஓலையால் நேர்ந்தவைதான்.

வெள்ளையடிப்புக்கு வேண்டிய சுண்ணாம்பு, கடலோரத்துக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு வந்தது. அதை நீற்றுவது ஒரு சிறு ரசாயன சாஸ்திரம். அகலமான பானையில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதில் சுட்ட சுண்ணாம்பைக் கொஞ்சங் கொஞ்சமாகப் போட வேண்டும்; மாற்றிச் செய்து, குவித்து வைத்த சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டினால் அது சீறித் தெறிக்கும். அடுப்பில்லாமலே பானை தளதளவென்று கொதிப்பதைப் பார்க்கக் குழந்தைகள் கூடுவார்கள். தெறித்த ஒரு துளி கண்ணில் விழுந்தால் பார்வைக்கே அபாயம் என்பதால் பெரியவர்கள் அவர்களை விரட்டுவார்கள். அப்படி விழுந்துவிட்டால், ஏராளமான தண்ணீரில் கண்ணை நெடுநேரம் கழுவிவிட்டு உடனே வைத்தியரிடம் ஓடுவதைத் தவிர வேறு உபாயம் இன்றும் இல்லை. ஓரிரவு ஊறிய சுண்ணாம்புப் பாலைப் பழந்துணியில் வடிகட்டி, சுவரில் ஒட்டிப் பிடிக்கச் சிறிது கஞ்சியும், மஞ்சள் வாடை தட்டாமலிருக்க ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, நுனியை நசுக்கி நாராக்கிய பனமட்டையால் அடிப்பார்கள். ஈரமாயிருக்கும்போது சுவர் முன்னைவிட அழுக்காகத் தோன்றும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு உலர உலரத்தான் வெளுப்பு ஏறும். இதை அறியாத அவசரக்காரன் ஒரே நாளில் தடிப்பாக அப்புவான்; அது தை பிறப்பதற்குள் பொருக்கு விட்டு உதிரும். மெல்லிய இரண்டு பூச்சு, நடுவே ஒரு நாள் என்பதே கணக்கு.

தரை மெழுகும் காரியம் முழுவதும் பெண்களுடையது. சாணத்தோடு வைக்கோல் கரியைக் குழைத்துத் தரையில் தேய்த்து, திண்ணையைக் கூழாங்கல்லால் பளபளக்க இழைத்தவர்களின் உழைப்பை ஒரு கணக்குப்பிள்ளையும் குறித்ததில்லை. சாணத்துக்கு இந்நாளில் சிலர் கற்பிக்கும் மகிமைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மண் தரையில் புழுதி கிளம்பாமல் அது கட்டிப்பிடித்தது, காசில்லாமல் கிடைத்தது, அவ்வளவே.

ஆனால் இந்தச் சம்பிரதாயம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி தழைத்ததா? இங்கேதான் துரைமார் காகிதங்கள் உதவுகின்றன. செங்கற்பட்டுச் சீமையில் நிலம் மிராசுதாரர்களுடையது; சேரி நின்ற மனையும் அவர்கள் தயவில் இருந்தது. 1891 இல் ஜில்லா கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கை, சேரி ஜனங்களின் வறுமையை விவரித்ததோடு, குடிசை போட்ட இடத்தின் மேல் அவர்களுக்கு நிச்சயமான பாத்தியம் இல்லாததையும் எடுத்துச் சொன்னது. எஜமானிடம் வேலைக்குப் போக மறுத்தவன், அதே குற்றத்துக்காகக் குடியிருப்பிலிருந்தே விரட்டப்படலாம். நாளைக்குப் பிடுங்கப்படக்கூடிய இடத்தில் எவன் கருங்கல் அஸ்திவாரம் போடுவான்? சேரிக் குடிசை தாழ்ந்தும் ஒழுகியும் கிடந்ததற்கு அதில் வாழ்ந்தவர்களின் சோம்பலைக் காரணமாகக் கூறியவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள், இக்காலத்திலும் இருக்கிறார்கள். அயலான் வீட்டுக்குக் கூரை வேய்ந்து, சுவர் எழுப்பி, அவன் ஏரியையும் செப்பனிட்ட கைகள் சேரி ஜனங்களுடையவை என்பது இப்படிக் கூறுகிறவர்களின் ஞாபகத்துக்கு வருவதில்லை. அவ்வறிக்கையை அடுத்து 1892 இல் பிறந்த அரசாணையால் சேரி ஜனங்களுக்குத் தரிசு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவையே பஞ்சமி நிலங்கள். விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனையை அவனுக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்ததோ 1971 இல். தலைக்கு மேலுள்ளதைத் திருத்தத் துணிவு பிறக்க வேண்டுமானால் காலுக்குக் கீழுள்ளது உறுதியாயிருக்க வேண்டும் என்பதே, இந்த வட்டாரத்துக் குடிசைகளின் கதையிலிருந்து நான் படித்துக்கொள்வது.

கூரையின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1865 இல் மங்களூரில் பாசல் மிஷனார் ஆரம்பித்த சீமை ஓடு, வசதியுள்ள வீதிகளில் நாட்டு ஓட்டின் இடத்தைப் பிடித்தது. 2004 ஜூலையில் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைத் தீ விழுங்கிய பிறகு, கீற்றுக் கொட்டகை என்றாலே ஜனங்கள் நடுங்கினார்கள். ஓலைக்குப் பதிலாக ஆஸ்பெஸ்டாஸ் அட்டைகள் வந்தன. தீக்கு அஞ்சாத அவை வெயிலை அப்படியே உள்ளே இறக்கின. அவற்றை உலர அறுப்பதும் துளைப்பதும் நுரையீரலுக்குக் கேடான தூசியைக் கிளப்பும் என்பது பரம்பரை ஞானத்தில் இல்லாத புது அபாயம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது உடைந்த அட்டைகளைப் பலர் வெறுங்கையால் வாரித் தள்ளினார்கள். நனைத்து, உடைக்காமல் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் பஞ்சாங்கத்தில் இடமில்லையே.

இதற்கிடையே, ஆலைகளுக்கு இடம் அமைக்கும் அரசு நிறுவனமாகிய சிப்காட் வந்தது. நிலத்தை விற்றவர்கள் எஞ்சிய மனையில் வரிசையாக அறைகள் எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். அவற்றுக்கு லைன் வீடு என்று பெயர். தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீஹார், ஜார்க்கண்டிலிருந்தும் வந்த வாலிபர்கள் ஓர் அறைக்கு நால்வராகவோ அறுவராகவோ அங்கே தங்குகிறார்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே வீட்டுக்காரர் சொல்லும் முதல் நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது. பகலெல்லாம் இயந்திரத்தின் திருகாணியை நூலிழை பிசகாமல் முடுக்குகிறவன், இரவில் தன் சட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டிவைக்கிறான். அனுமதி கிடைக்கும் இடங்களில் மட்டும் பழைய வித்தை மறுபடி தலைகாட்டுகிறது: தளத்தின் மேல் இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்தால் சூரிய வெப்பத்தில் கணிசமான பங்கு திரும்பிப் போய்விடும். அகமதாபாத் நகரசபை 2017 இல் ஏழை வீடுகளின் கூரைகளுக்கு இதே சுண்ணாம்பைத்தான் அடித்தது. ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டு அது இப்போது நமக்கே புதுமையாகத் திரும்பி வந்திருக்கிறது. செலவு இரண்டு மூட்டைச் சுண்ணாம்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். 

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2017 இல் இயற்றியதும் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்ததுமான வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், எந்தப் பழுது யாருடையது என்று வரிசையாக வகுத்திருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு; குழாயின் வாஷரை மாற்றுவதும் சாக்கடை அடைப்பை நீக்குவதும் குடியிருப்பவர் பொறுப்பு. லைன் வீடுகளில் எழுத்து ஒப்பந்தமே அபூர்வம். ஒழுகும் குழாயை வாடகைக்காரர்தான் மாற்றுகிறார். வெள்ளையடிப்போ, ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும்போது, முன்னவரின் அட்வான்ஸில் பிடித்தம் செய்த பணத்தில் நடக்கிறது.