பெட்ரோல் பம்பின் மேல் ஒரு ஈரத்துணி

பழைய அம்பாசடர் கார் ஒன்று சித்திரை வெயிலில் மலைப்பாதை ஓரம் நின்றிருக்க, ஓட்டுநர் பானெட்டைத் திறந்து, எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த சிறிய பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவதை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். சில நிமிடங்களில் வண்டி கிளம்பிவிடும். இதில் மந்திரம் ஏதுமில்லை. நல்ல பௌதிகம் இருக்கிறது.

பெட்ரோல் ஒரே பொருளன்று, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் பென்டேன் 36 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பியூட்டேனோ அறை வெப்பத்திலேயே வாயு. குளிர்காலத்தில் எஞ்சின் எளிதில் கிளம்ப இந்த இலேசான பகுதிகள் தேவை. கோடையில் அவையே பகையாகின்றன. குழாயில் ஆவிக்குமிழ் சேர்ந்தால் பம்பின் சவ்வு அதை அமுக்கும், விடும். ஆவி சுருங்கி விரியுமே தவிர நகராது. கார்புரேட்டர் வறண்டு எஞ்சின் நின்றுவிடும். இதுவே ஆவியடைப்பு.

1908இல் வந்த ஃபோர்டின் ‘டி’ மாடலுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதில் பம்பே கிடையாது. இருக்கைக்கு அடியில் இருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாகவே கீழே வழிந்தது. (தொட்டியில் பெட்ரோல் குறைந்திருந்தால் செங்குத்தான மேட்டில் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்ற வேண்டியிருந்தது என்பது வேறு கதை!) பின்னர் தொட்டி வண்டியின் பின்புறம் தாழ்வாகப் போயிற்று, பம்பு சூடான எஞ்சினிலேயே பொருத்தப்பட்டது. அது தொலைவிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் அல்லவா? சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிப்பதும் இதனால்தான். மலையேறும் கார் இப்படி இரண்டு வகையில் அகப்பட்டுக்கொள்கிறது.

அம்பாசடரில் கார்புரேட்டரும் புகைக்குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருந்தன. வண்டியை நிறுத்தியதும் விசிறியும் நீரோட்டமும் நின்று, எஞ்சினின் சூடு பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறும். ஓடியபோது நன்றாயிருந்த வண்டி தேநீர்க் கடையில் நின்றபின் முரண்டு பிடிப்பது இதனாலேயே. ஆகவே ஏற்றம் ஏறியவுடன் எஞ்சினை அணைக்காமல் சிறிது நேரம் மெதுவாக ஓடவிடுவது நல்லது.

ஈரத்துணி ஏன் உதவுகிறது? ஒரு கிராம் நீர் ஆவியாக 540 கலோரிக்கும் மேல் வெப்பம் வேண்டும். அதைப் பம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, மண்பானையைப் போல. ஆனால் அது தற்காலிக வைத்தியமே. பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கி அமைப்பது, இடையே தகரத் தடுப்பு வைப்பது, கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத பேக்கலைட் தட்டு பொருத்துவது ஆகியவை மேலானவை. எல்லாவற்றிலும் சிறந்தது தொட்டிக்கருகே மின்பம்பு வைப்பது. அது உறிஞ்சாமல் தள்ளுகிறது. குழாயில் அழுத்தம் கூடுகிறது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சூடான எஞ்சினில் பெட்ரோல் குழாயைக் கழற்றாதீர்கள். புகைக்குழாயில் சிந்தும் பெட்ரோல் தீப்பற்றக்கூடும்.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. இன்றைய கார்களில் பம்பு தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. ஈரத்துணிக்கு அங்கே வேலையில்லை. பழைய வண்டிகளைப் பேணுவோருக்கோ புதுக் கவலை ஒன்று உண்டு. பெட்ரோலில் சிறிதளவு எத்தனால் கலந்தாலும் அதன் ஆவியழுத்தம் கூடுகிறது. தனியே 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனால், சில ஹைட்ரோகார்பன்களோடு சேரும்போது அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கிறது.