லைசென்ஸ் முடக்கப்பட்டால் கார் காப்புறுதி என்னவாகும்?

"லைசென்ஸ முடக்கிட்டாங்க, காருக்கு இன்சூரன்ஸ் போட முடியுமா?" சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் கார் இல்லாவிட்டால் வேலைக்குப் போவதே சிரமம்.

முடியும். காப்புறுதி வாகனத்துக்கானது, அது இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. இழப்பீடு கோராதவருக்கான என்.சி.டி. கழிவும் இதனால் மட்டும் பறிபோகாது.

ஆனால் முடக்கக் காலத்தில் நீங்களே ஓட்டி விபத்து நேர்ந்தால், கார் சேதத்துக்கான இழப்பீடு மறுக்கப்படலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையையும் நிறுவனம் உங்களிடமே திரும்பக் கேட்கலாம்.

மனைவியோ மகனோ ஓட்டுவதென்றால் அவர்கள் பெயரைப் பாலிசியில் சேருங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டினால், சேதத்தில் முதல் 400 ரிங்கிட் உங்கள் செலவாகலாம்.

உரிமம் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். நிறுவனங்கள் ஏற்க மறுத்தால், எம்.எம்.ஐ.பி. எனும் வாகனக் காப்புறுதிக் கூட்டமைப்பை நாடலாம்.