தென்னாப்பிரிக்க உண்மை ஆணையமும் உரைபெயர்ப்பாளர்களும்

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியின்போது நடந்த கொலைகள், சித்திரவதைகள், ஆட்கடத்தல்கள் ஆகியவற்றை விசாரிப்பதற்காக 1995ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டத்தின்கீழ் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைக்கப்பட்டது. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அதன் தலைவராகவும் அலெக்ஸ் போரெய்ன் துணைத்தலைவராகவும் இருந்தனர். முதல் பொது அமர்வு 1996 ஏப்ரல் 15 அன்று ஈஸ்ட் லண்டன் நகர மண்டபத்தில் நடைபெற்றது. பாதிக்கப்பட்டோர் 21,000க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் அளித்தனர். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே பொது அமர்வில் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. அப்படிப் பேசியவர்களின் சொற்கள் உலகத்தைச் சென்றடைந்தது உரைபெயர்ப்பாளர்களின் குரல் வழியாகத்தான். எழுதப்பட்டதை மாற்றித் தருபவர் மொழிபெயர்ப்பாளர். பேசப்படுவதை அப்போதே வேறொரு மொழியில் பேசிக் காட்டுபவர் உரைபெயர்ப்பாளர். ஆணையத்தைப் பற்றிய வரலாறுகளில் இவர்களுக்கு நெடுங்காலம் ஓர் அடிக்குறிப்பு அளவுக்கே இடம் இருந்தது.

பின்னணி

நிறவெறி ஆட்சியில் ஆங்கிலமும் ஆப்பிரிகானும் மட்டுமே நாட்டின் ஆட்சிமொழிகள். நீதிமன்றக் கூண்டில் நின்றவர்களில் பெரும்பாலோர் சூலு, கோசா, சோத்தோ போன்ற மொழிகளைப் பேசினர். வழக்கு நடந்ததும் தீர்ப்பு எழுதப்பட்டதும் அவர்களுக்குப் புரியாத மொழிகளில். இரண்டுக்கும் இடையில் நின்றவர் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர். பெரும்பாலும் கறுப்பினத்தவர், குறைந்த சம்பளக்காரர், கோப்பு தூக்குவது முதலான எடுபிடி வேலைகளும் அவர் தலையிலேயே விழும். ஒருவர் பேசி நிறுத்திய பிறகு அதை மாற்றிச் சொல்லும் முறையே அங்கு வழக்கம்.

1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 11 மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. குற்றம் சாட்டப்பட்டவர் தமக்குப் புரியும் மொழியில் விசாரிக்கப்பட வேண்டும், அது இயலாவிட்டால் நடவடிக்கைகள் அவருக்கு மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று அதன் 35ஆம் பிரிவு சொல்கிறது. தென்னாப்பிரிக்கச் சமூகங்கள் பயன்படுத்தும் மொழிகளாக மதித்துப் போற்றப்பட வேண்டியவை என்று 6ஆம் பிரிவு தரும் பட்டியலில் தமிழும் இடம்பெற்றுள்ளது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் மொழி என்ற வகையில் கிடைத்த இடம் அது.

உண்மை ஆணையச் சட்டமும் இதே போக்கில், பாதிக்கப்பட்டோர் தாம் விரும்பும் மொழியில் பேச வகைசெய்யப்பட வேண்டும் என்று விதித்தது. சட்டத்தில் எழுதுவது எளிது. ஆப்பிரிக்க மொழிகளில் பேச்சோடு பேச்சாக, நிறுத்தாமல் மாற்றிச் சொல்லும் உடனடி உரைபெயர்ப்பில் பழகியவர்கள் அன்று நாட்டில் அநேகமாக இல்லை. புளூம்ஃபொன்டைனில் உள்ள ஃபிரீ ஸ்டேட் பல்கலைக்கழகம் இந்தப் பொறுப்பை ஏற்று, பல மொழி தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுத்துக் குறுகிய காலப் பயிற்சி தந்து அமர்வுகளுக்கு அனுப்பியது. அந்தப் பயிற்சியைப் பற்றி அனெலி லோத்ரியெத் எழுதியவை இத்துறையின் தொடக்க ஆய்வுகளில் அடங்கும்.

'நான்' என்று சொன்னவர்கள்

உரைபெயர்ப்பின் அடிப்படை விதி, சாட்சி 'நான்' என்றால் உரைபெயர்ப்பாளரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும் என்பது. 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று விலகி நிற்க முடியாது. வணிக மாநாட்டில் இந்த விதியால் யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. மகனின் உடலைப் பிணவறையில் அடையாளம் காட்டிய தாய் பேசும்போது, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருந்த இளைஞர் 'என் மகன்' என்று சொல்லியாக வேண்டும். அடுத்த அமர்வில், பொதுமன்னிப்புக் கோரும் காவலர் 'நான் சுட்டேன்' என்றால் அதையும் அவரே சொல்ல வேண்டும். பெண் சாட்சியின் சொற்கள் ஆண் குரலில் ஒலித்ததும் உண்டு.

வானொலிச் செய்தியாளராக அமர்வுகளைத் தொடர்ந்த கவிஞர் அன்கி குரோக், இந்தத் தன்மை ஒருமைதான் தன்னைக் குலைத்தது என்று உரைபெயர்ப்பாளர் ஒருவர் கூறியதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். உரைபெயர்ப்பாளர்களின் மனநிலை குறித்துத் தனி ஆய்வுகள் வெளிவந்தது பின்னாளில்தான்.

கலைச்சொற்களிலும் சிக்கல் இருந்தது. கோசா மொழியில் நல்லிணக்கத்தைக் குறிக்கும் 'உக்சோலெல்வனோ' என்னும் சொல், மன்னித்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. அமைதியைக் குறிக்கும் சொல்லும் அதே வேரைச் சேர்ந்தது. ஆகவே ஆணையத்தின் பெயரைக் கோசாவில் கேட்பவரின் காதில் மன்னிப்பும் சேர்ந்தே விழும். தமிழின் 'நல்லிணக்கம்' என்ற சொல்லில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. மன்னிக்கும் மனநிலையில் இல்லாத ஒரு தாய் அந்த மேடையில் ஏறும்போது, பெயர்ப்பலகையே அவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுகிறது.

கொனிலே அம்மையாரின் ஆடு

1986 மார்ச் 3 அன்று கேப் டவுனை அடுத்த குகுலெத்துவில் ஏழு இளைஞர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. 'குகுலெத்து எழுவர்' என்று அவர்கள் அறியப்படுகின்றனர். அவர்களுள் ஒருவர் சபோன்கே கொனிலே. பத்தாண்டுகள் கழித்து, 1996 ஏப்ரலில், கேப் டவுனின் ஹைட்வெல்டு பகுதியில் நடந்த அமர்வில் எழுவரின் தாய்மார்கள் சிலர் சாட்சியம் அளித்தனர். மற்றவர்களின் கதைகள் நாளிதழ்களிலும் நூல்களிலும் பலமுறை எடுத்தாளப்பட்டன. கிழக்குக் கேப் மாகாணத்தின் இந்த்வே என்ற ஊரிலிருந்து வந்த நோட்ரோஸ் நொபோம்வு கொனிலேயின் சாட்சியத்தை எவரும் எடுத்தாளவில்லை. அது யாருக்கும் விளங்கவில்லை.

ஆங்கிலப் பதிவில் அவர் பேச்சு இப்படிப் போகிறது: கேப் டவுனிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருகிறார், திடீரென ஓர் ஆடு மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறது, அது கனவு என்பது பிந்தித்தான் தெரிகிறது. பிறகு மகனின் சாவு. அப்புறம் நிலக்கரி பொறுக்கப் போனது, பாறை ஒன்று தன்மேல் விழுந்தது. எது முன், எது பின், எதற்கும் எதற்கும் என்ன தொடர்பு என்று படிப்பவருக்குப் பிடிபடாது. துயரத்தால் மனம் பேதலித்த கிழவி ஒருத்தியின் உளறல் என்று ஒதுக்கிவிட அந்தப் பதிவே இடம் தந்தது. ஆணையத்தின் பதிவுகளில் அவருடைய குடும்பப் பெயர்கூடச் சரியாக எழுதப்படவில்லை.

இந்தச் சாட்சியத்தை மீண்டும் கையில் எடுத்தவர்கள் மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர்: குரோக், கோசா மொழி விரிவுரையாளர் நொசீசி ம்போல்வேனி, உளவியலாளர் கோப்பானோ ரத்தேலே. அவர்கள் ஆங்கில எழுத்துப்படியை ஒதுக்கிவிட்டு மூல ஒலிப்பதிவைக் கேட்டனர். கோசாவிலேயே எழுத்தில் வடித்து, மீண்டும் மொழிபெயர்த்தனர். பின்னர் இந்த்வேக்குச் சென்று கொனிலேயையும் சந்தித்தனர். 'ஓர் ஆடு இருந்தது' என்று பொருள்படும் தலைப்பில் 2009இல் அவர்களின் நூல் வெளிவந்தது.

மூலத்தைக் கேட்டபோது உளறல் என்று தோன்றியவற்றில் பல உரைபெயர்ப்பிலும் எழுத்துப்படியிலும் நேர்ந்த விடுபடல்கள் என்று தெரிந்தது. ஊர்ப்பெயர்கள் தவறியிருந்தன, வாக்கியங்களை இணைத்த சொற்கள் உதிர்ந்திருந்தன. ஆனால் சிக்கல் முழுவதும் உரைபெயர்ப்பாளரின் பிழையன்று. நூலின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே. ஆடு என்பது கோசா மரபில் மூதாதையரோடு பேசுவதற்குப் பலியிடப்படும் விலங்கு. ஆட்டைக் கனவில் கண்டதாக ஒரு கோசாப் பெண் கோசா அவையில் சொன்னால், மூதாதையரிடமிருந்து கெட்ட செய்தி வருகிறது என்பதைக் கேட்போர் தாமாகவே அறிவர். அவர் அதை விளக்க வேண்டியதில்லை. உரைபெயர்ப்பாளரும் சொல்லை மட்டும் மாற்றினார், விளக்கம் சேர்க்கவில்லை. அதுதான் அவருக்குக் கற்பிக்கப்பட்ட நேர்மை. ஆங்கிலத்தில் மிஞ்சியது வெறும் ஆடு.

பாறை விழுந்த செய்தியும் அவ்வாறே. தன்னைக் காக்க வேண்டிய மகன் இல்லாமல், வயிற்றுப்பாட்டுக்காக நிலக்கரி பொறுக்கப் போனபோது நேர்ந்தது அது. மகனை இழந்ததால் தான் யாருமற்றவளாக ஆனதையே அவர் தொடக்கம் முதல் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார் என்கிறது நூல். மன்னிப்பைப் பற்றி இனிமையாகப் பேசவும் அவர் முன்வரவில்லை. ஆணையத்தின் பொதுவான கதைக்குள் அவர் அடங்காமல் போனதற்கு மொழி மட்டுமே காரணமா என்ற கேள்வியும் இங்கு எழுகிறது.

கொனிலே தனி விதிவிலக்கும் அல்லர். சானி பாக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட கட்டுரை, வேறு சில கோசாச் சாட்சியங்களையும் மூலத்தோடு ஒப்பிட்டு, உணர்ச்சியும் நுட்பமான விவரங்களும் எங்கெங்கே கழன்று போயின என்று காட்டியது.

பின்னர்

ஆணையத்தின் அறிக்கை 1998 அக்டோபரில் நெல்சன் மண்டேலாவிடம் அளிக்கப்பட்டது. அமர்வுகளில் பழகிய உரைபெயர்ப்பைப் பொதுச் சேவைகளுக்குக் கொண்டுவரும் முயற்சியாக, காவல் நிலையங்களிலும் மருத்துவ நிலையங்களிலும் தொலைபேசி வழியே உரைபெயர்க்கும் திட்டம் 2002இல் சோதனையாகத் தொடங்கியது. மருத்துவமனைகளின் அன்றாட நிலை வேறாகவே இருந்தது. நோயாளியின் கோசாவை மருத்துவருக்குப் புரியவைப்பவர் பல இடங்களில் செவிலியரோ துப்புரவுப் பணியாளரோதான் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சுட்டின. 2013 டிசம்பர் 10 அன்று மண்டேலாவின் நினைவு நிகழ்ச்சியில், உலகத் தலைவர்களின் அருகில் நின்ற சைகைமொழி உரைபெயர்ப்பாளரின் கையசைவுகளுக்குப் பொருளே இல்லை என்று காது கேளாதோர் முறையிட்டனர். மொழிப் பணியாளர்களை முறைப்படுத்தும் மன்றத்துக்கான சட்டம் அடுத்த ஆண்டு நிறைவேறியது. 2023இல் தென்னாப்பிரிக்கச் சைகைமொழி 12ஆவது ஆட்சிமொழியானது.

நீதிமன்றங்கள் எதிர்த் திசையில் சென்றன. உயர் நீதிமன்றங்களின் பதிவுமொழி ஆங்கிலம் மட்டுமே என்று 2017இல் முடிவு செய்யப்பட்டது. சூலுவில் பேசும் சாட்சியின் சொல்லாக இன்றும் வழக்குப் பதிவில் ஏறுவது உரைபெயர்ப்பாளரின் ஆங்கிலமே. உண்மை ஆணையத்தின் எழுத்துப்படிகளும் அப்படித்தான் ஆக்கப்பட்டன: கூண்டிலிருந்து வந்த ஆங்கிலக் குரல் தட்டச்சானது, சாட்சியின் குரல் ஒலி ஒளி நாடாக்களில் தங்கியது. அந்த நாடாக்கள் பிரிட்டோரியாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்தில் எளிதில் கிடைப்பதால் மாணவர்களும் ஆய்வாளர்களும் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது எழுத்துப்படிகளைத்தான்.