எதிரொலியின் மூன்று குமிழ்கள்

மலைச்சாரலில் நின்று கூவினால் குரல் திரும்பி வருவதை மனிதன் தொன்றுதொட்டே அறிவான். ஆயினும், அது எவ்வளவு நேரங்கழித்து, எத்தனை முறை, எவ்வளவு உரத்துத் திரும்பவேண்டும் என்று கட்டளையிடும் ஆற்றல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அவனுக்கு வாய்த்தது. இன்று ‘டிலே’ என வழங்கும் தாமதக் கருவியின் முன் அமர்வோர் பலர், அதன் குமிழ்களை மனம்போனபடி திருப்பிப் பாட்டின் சொற்களைப் பறிகொடுத்து விடுகின்றனர். குமிழ்கள் தோன்றிய வரலாற்றை அறிந்தால் அவ்விழப்பைத் தவிர்க்கலாம் என்பது நம் கருத்து.

1947-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் பில் புட்னம் என்பவர், குளியலறை ஒன்றையே எதிரொலிக் கூடமாகப் பயன்படுத்தி இசையைப் பதிவு செய்தார். ஓசைக்குப் பொலிவு கூடிற்று. ஆனால் வேண்டும்போது சுவர்களை நகர்த்த முடியாதன்றோ? அத்தடையை நீக்கியது காந்த ஒலிநாடா. நாடாக் கருவியில் ஒலியைப் பதிக்கும் ‘ஹெட்’ ஒன்றும், அதனை மீண்டும் ஒலிக்கச் செய்யும் ‘ஹெட்’ மற்றொன்றும் உண்டு. நாடா முன்னதைக் கடந்து பின்னதை அடையும் நேரமே தாமதம். இடைவெளி 2 அங்குலம், வேகம் விநாடிக்கு 15 அங்குலம் எனில், தாமதம் ஏறத்தாழ 133 மில்லிவிநாடி. வேகத்தைப் பாதியாக்கினால் தாமதம் இருமடங்காகும்.

1954-இல் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ், எல்விஸ் பிரஸ்லியின் குரலுக்கு நாடாவின் உதவியால் குறுகிய மறுகுரல் ஒன்றைச் சேர்த்தார். பின்னர் மைக் பேட்டில் உருவாக்கிய எக்கோபிளெக்ஸ் கருவியில் ‘ஹெட்’டையே கையால் நகர்த்த முடிந்தது. 1974-இல் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் எக்கோ’வில் நாடாவின் வேகமே ஒரு குமிழுக்கு அடங்கியது. இன்றைய ‘டைம்’ என்னும் முதற்குமிழ் இவற்றின் வாரிசு. அதனைப் பாட்டின் காலப்பிரமாணத்திற்கு இசைவாக வைத்தல் வேண்டும். 60,000-ஐ நிமிடத்திற்குரிய தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு தட்டின் நீளம் மில்லிவிநாடியில் கிடைக்கும். 120 தட்டுகள் எனில் 500, அரைத்தட்டு 250.

இரண்டாவது குமிழ் ‘ஃபீட்பேக்’. தமிழில் மீளூட்டம் எனலாம். திரும்பி வந்த ஒலியில் ஒரு பங்கை மீண்டும் பதிக்கும் ‘ஹெட்’டுக்கே அனுப்புவது இதன் பணி. பாதியை அனுப்பினால் ஒலி பாதி, கால், அரைக்கால் எனத் தேய்ந்து மறையும். முழுமையாகவோ அதற்கு மேலோ அனுப்பினால் அடங்காது பெருகி ஓலமிடும். 1970-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் கிங் டப்பியும் லீ பெர்ரியும் இவ்விளிம்பையே இசைக்கருவியாக்கி, ‘டப்’ என்னும் இசைவகையை வளர்த்தனர். அவர்கள் அதனை மீறியது, எப்போது குமிழைத் திருப்பி அடக்கவேண்டும் என்று அறிந்த பின்னரேயாகும்.

மூன்றாவது ‘மிக்ஸ்’ என்னும் கலவைக் குமிழ். மூலக்குரலும் மறுகுரலும் எவ்வெவ்வளவில் கலத்தல் வேண்டும் என்பதை இது வகுக்கிறது. சொற்கள் சிதைவது பெரும்பாலும் இங்கேதான்.

1971-இல் லெக்ஸிகன் நிறுவனத்தின் எண்முறைத் தாமதக் கருவி வந்ததும் நாடாவின் தேய்மானமும் இரைச்சலும் ஒழிந்தன. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் மங்கிச் சென்ற பழைய மறுகுரல், பாடகருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. மங்காத புதிய மறுகுரலோ அவரோடு போட்டியிட்டது. ஆதலின் கூரிய ஒலிகளைக் குறைக்கும் வடிப்பான் ஒன்றைப் பிற்காலக் கருவிகள் பலவற்றில் சேர்க்க நேர்ந்தது.

ஆகவே, முதலில் காலத்தை அமைத்து, அடுத்து மீளூட்டத்தை அளந்து, இறுதியிற் கலவையைச் சிறிது சிறிதாக உயர்த்துக. கருவியை நிறுத்தும்போது மட்டும் ஏதோ குறைந்ததாகச் செவிக்குத் தோன்றுமாயின், அவ்வளவே பெரும்பாலான பாட்டுகளுக்குப் போதும்.